வெளிக்கு மூன்று பரிமாணம்: அந்த எண்ணுக்கு என்ன வேலை?

குடியாத்தத்தில் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நேரியல் இயற்கணித வகுப்பில் 3 பரிமாணம் போட்டாலும் 7 போட்டாலும் அதே தேற்றம், அதே நிரூபணம். அப்படியானால் பரிமாணம் எத்தனை என்ற எண்ணுக்கு என்னதான் வேலை? நாம் வாழும் வெளிக்கு மூன்றுக்குப் பதில் நான்கு பரிமாணம் இருந்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?"

குடி முழுகித்தான் போயிருக்கும் தம்பி. பூமி சூரியனைச் சுற்றியிருக்காது, அணு நின்றிருக்காது, உங்கள் வீட்டில் தொடுக்கும் மல்லிகைச் சரம்கூட முடிச்சு நிற்காமல் அவிழ்ந்து கொட்டியிருக்கும். வேலூரில் இருபத்தைந்து வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். மணி அடித்துவிடும் என்பதால் வருடா வருடம் பாதியில் விட்ட விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் குழப்பத்தின் வேர். நேரியல் இயற்கணிதம் பரிமாண எண்ணைப் பொருட்படுத்தாத பாடம். கூட்டல், அளவுப் பெருக்கல், நேர்கோடு, தளம் என்று நிற்கும்வரை 3-க்கும் 7-க்கும் பேதம் தெரியாது. தூரம், எல்லை, அலை, முடிச்சு இவற்றில் ஒன்று உள்ளே வந்துவிட்டால் அந்த எண் பேச ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் இருமடி, மும்மடி என்பதுபோல ஓர் அடுக்காக வந்து பேசும். (நீங்கள் கைபோன போக்கில் எடுத்த 3, 7 இரண்டும் சாதாரண எண்கள் இல்லை. இரண்டு திசையன்களுக்கும் செங்குத்தாக, அவை அடைக்கும் பரப்பின் அளவில் இன்னொரு திசையனைத் தருகிற குறுக்குப் பெருக்கல் இருக்கிறதே, அது 3 பரிமாணத்திலும் 7 பரிமாணத்திலும் மட்டும்தான் சாத்தியம். ஹுர்விட்ஸ் 1898-ல் நிறுவிய ஒரு தேற்றம் அதற்கு அடிப்படை. திருப்பு விசை, காந்த விசை என்று பிளஸ் டூவில் மனப்பாடம் செய்ததெல்லாம் இந்த 3-ஐ நம்பி எழுதியவை.)

சில வருடங்களுக்கு முன் மாணவர்களைக் காவலூருக்குக் கூட்டிப் போயிருந்தேன். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் ஏறினால் வருகிற வைணு பாப்பு வானாய்வகம். இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம், எங்கள் வயதுக்காரர்களுக்கு அது வட ஆற்காடுதான். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. எங்களுக்குக் காட்டியது அதுவல்ல, பார்வையாளர்களுக்கான சின்னத் தொலைநோக்கி. அதில் சனிக்கோள். ஒரு மாணவி கண்ணை வைத்தவள் முழுசாக ஒரு நிமிடம் எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டாள்: "சார், அந்த வளையம் எப்படி சார் கலையாம நிக்குது?"

சனியின் வளையம் ஒரே தகடு இல்லை. கணக்கற்ற பனிக்கட்டித் துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சுற்றுப்பாதையில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுகின்றன. இடிபட்ட துண்டு விழுந்தும் போவதில்லை, பறந்தும் போவதில்லை. கொஞ்சம் மாறிய பாதையில் தொடர்ந்து சுற்றுகிறது. இது வெளிக்கு மூன்று பரிமாணம் இருப்பதால் கிடைத்த சலுகை. எப்படி என்று பார்ப்போம்.

மொட்டைமாடியில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சம் சுற்றிலும் கோளமாகப் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் கோளத்தின் பரப்பு நான்கு மடங்கு. அதே வெளிச்சம் நான்கு மடங்கு இடத்தில் பங்கு போடப்படுவதால் கால்வாசியாகிறது. ஈர்ப்பும் இப்படியே பரவுகிறது என்று வைத்தால் எதிர்த்தகவு இருமடி விதி தானாக வந்துவிடும். அந்த 'இருமடி' என்பது 3 கழித்தல் 1. நான்கு பரிமாண வெளியில் கோளத்தின் எல்லையே மூன்று பரிமாணம் கொண்டது, ஆகவே தூரம் இரட்டித்தால் விசை எட்டில் ஒரு பங்கு. இரண்டு பரிமாணத்தில் பாதி.

இனிச் சுற்றுகிற பொருளைப் பாருங்கள். அதன் கோண உந்தம் (நிறை, வேகம், மையத்திலிருந்து தூரம் மூன்றும் சேர்ந்த சுழற்சியின் அளவு) மாறாது, எனவே மையத்தை நெருங்க நெருங்க வேகம் கூடும், வெளியே தள்ளும் போக்கும் கூடும். தூரம் பாதியானால் இந்தத் தள்ளல் எட்டு மடங்கு. எத்தனை பரிமாணமானாலும் எட்டு மடங்குதான், ஏனென்றால் சுற்றுவது எப்போதும் ஒரு தளத்துக்குள்தான் நடக்கிறது. இழுப்போ பரிமாணத்துக்குப் பரிமாணம் மாறும்.

மூன்று பரிமாணத்தில் தூரம் பாதியானால் இழுப்பு நான்கு மடங்கு, தள்ளல் எட்டு மடங்கு. உள்ளே நகர்ந்த துண்டைத் தள்ளல் வென்று வெளியே அனுப்பும். தூரம் இரட்டித்தால் இழுப்பு கால் பங்கு, தள்ளல் எட்டில் ஒரு பங்கு. வெளியே நகர்ந்ததை இழுப்பு வென்று திரும்பக் கூட்டி வரும். தொட்டில் மாதிரி, எந்தப் பக்கம் ஆட்டினாலும் நடுவுக்கு வருகிறது. நான்கு பரிமாணத்தில் தூரம் பாதியானால் இழுப்பும் எட்டு, தள்ளலும் எட்டு. உள்ளே போனவனைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. ஐந்தில் இழுப்பு பதினாறு மடங்கு, இடறினால் விழ வேண்டியதுதான். சனிக்கு வளையம் இல்லை, சூரியனுக்குக் குடும்பம் இல்லை.

1917-ல் இயற்பியலாளர் பால் எரன்ஃபெஸ்ட் ஒரு கட்டுரையில் இந்த வாதத்தை ஒழுங்காக வைத்தார். அவருக்கு வெகு முன்னால், 1747-ல், தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் இளைஞராக இருந்தபோது இருமடி விதிக்கும் மூன்று பரிமாணத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். ஆனால் விதி அப்படி இருப்பதால் வெளி இப்படி இருக்கிறது என்று தலைகீழாகப் பிடித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே பெரிய காரியம் என்பது என் எண்ணம். அணுவுக்கும் இதே கதை: நான்கு பரிமாணமும் அதற்கு மேலும் போனால் மின்விசையால் கட்டுண்ட எலக்ட்ரானுக்கு நிலையான அடிமட்ட நிலை அமையாது.

இரண்டு பரிமாணம் வேறு விதமான தொல்லை. அங்கே சுற்றுப்பாதை நிலையாக இருக்கும், ஆனால் விடுபடு வேகம் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு வேகத்தில் எறிந்தாலும் ஒருநாள் திரும்பி விழும். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 சூரியக் காற்றின் எல்லையை 2012-ல் தாண்டி இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. அது திரும்பி வர வேண்டாம் என்று சொல்வதும் அந்த 3-தான். அதே 1977-ல், மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அதற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. உலகில் அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் நம் காவலூரும் ஒன்று. இதைச் சொன்னபோது அந்த மாணவி மறுபடி வரிசையில் போய் நின்றாள்.

இப்போது காதுக்கு வருவோம். சித்திரை மாதத்து வெயிலில் வெந்து கிடக்கும் வேலூரில் ஒரு சாயங்காலம் இடி மழை வரும் பாருங்கள், அதைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? பட்டாசு வெடித்தால் 'டப்' என்று ஒரே சத்தம், முடிந்தது. இடி மட்டும் உருண்டு உருண்டு, தேய்ந்து தேய்ந்து ஓய்கிறது. மலைகளின் எதிரொலியும் அதில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மலையே இல்லாத சமவெளியிலும் இடி உருளும். காரணம், பட்டாசு ஒரு புள்ளி, மின்னல் சில கிலோமீட்டர் நீளக் கோடு. கோட்டின் பக்கத்துப் பகுதியிலிருந்து சத்தம் முதலில் வருகிறது, தூரத்துப் பகுதியிலிருந்து பிறகு, இன்னும் தூரத்திலிருந்து இன்னும் பிறகு.

இதிலிருந்து ஒரு பெரிய விஷயத்தை எட்டிப் பிடிக்கலாம். முடிவே இல்லாத ஒரு நேர்கோடு மூன்று பரிமாணத்தில் வெடித்தால், அந்தக் கோட்டின் திசையில் எங்கே நின்றாலும் ஒன்றுதான். அந்தத் திசையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். மிஞ்சுவது இரண்டு பரிமாண வெளியில் ஒரு புள்ளி வெடிப்பு. ஆகவே இரண்டு பரிமாண உலகில் ஒவ்வொரு சத்தமும் இடி மாதிரிதான் கேட்கும். முதல் அலை வந்த பிறகும் வால் ஓயாது. 'வா' என்று கூப்பிட்டால் அந்த 'வா' அடுத்த சொல்லின் மேலும் அதற்கடுத்த சொல்லின் மேலும் படிந்துகொண்டே இருக்கும். கணித அறிஞர் அடமார் ஆராய்ந்த முறை இதுதான். மேல் பரிமாணத்து விடையை எடுத்துக் கீழே இறக்குவது. விளைவு: 3, 5, 7 என்ற ஒற்றைப்படைப் பரிமாணங்களில் அலை துண்டாக வந்து துண்டாகப் போகும், இரட்டைப்படையில் வால் விடும். 5, 7-லும் துண்டாக வந்தாலும் வழியில் அலையின் வடிவம் மாறிவிடும். மூன்றில்தான் வால் இல்லாமலும், வடிவம் கெடாமலும், ஒலியளவு மட்டும் குறைந்து வந்து சேர்கிறது. நாம் பேசிக்கொள்வதே இந்த வசதியில்தான்.

அடுக்காக வரும் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு வேறு சில இடங்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூடான பொருள் வீசும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்று படித்திருப்பீர்கள். அந்த 4 என்பது 3 கூட்டல் 1. மிகக் குளிர்ந்த திண்மங்களின் வெப்ப ஏற்புத்திறன் வெப்பநிலையின் மும்மடியில் குறையும் என்ற டிபையின் விதியில் உள்ள 3, அதே 3. ஆம்பூரில் பெரிய தேக்சாவில் தம் போட்ட பிரியாணி மதியம் வரை சூடாக இருக்கும், வீட்டுக் குக்கரில் வைத்தது அரைமணியில் ஆறிவிடும். சூட்டை வைத்திருப்பது கன அளவு, விடுவது பரப்பு. பாத்திரத்தை இரட்டிப்பாக்கினால் முதலாவது எட்டு மடங்கு, இரண்டாவது நான்கு மடங்கு. எறும்பின் காலை அப்படியே பெரிதாக்கி யானைக்கு வைக்க முடியாததும் இதே கணக்குத்தான். 1638-லேயே கலிலியோ இதை எலும்புகளை வைத்து எழுதிவிட்டார்.

கணிதத்தில் பரிமாணம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி ஒரு சின்னக் கூட்டல். காட்பாடியில் தண்டவாளமும் சாலையும் ஒரே தரையில் போனால் எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொண்டே ஆக வேண்டும், ரயில்வே கேட் போட வேண்டும். மேம்பாலம் கட்டினால் வெட்டாது. ஏன்? கோடு ஒரு பரிமாணம், இன்னொரு கோடு ஒரு பரிமாணம். 1 கூட்டல் 1, இரண்டு. வெளியும் இரண்டு பரிமாணமானால் முட்டும். வெளி மூன்றானால் ஒரு திசை மிச்சம், விலகிப் போகலாம். இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் பாருங்கள்.

முதலில் முடிச்சு. நூலின் ஒரு பகுதி நகர்ந்து இன்னொரு பகுதியைக் கடக்கப் பார்க்கிறது. நகரும் நூல் துடைத்துச் செல்வது ஒரு பரப்பு, அதாவது 2. எதிரே உள்ள நூல் 1. மொத்தம் 3. மூன்று பரிமாண வெளியில் முட்டும், கடக்க முடியாது. அதனால்தான் முடிச்சு நிற்கிறது. நான்கு பரிமாணத்தில் ஒரு திசை மிச்சமாகிவிடும், நூல் நூலைத் தொடாமலே தாண்டிப் போகும். அங்கே நூலில் எந்த முடிச்சும் நிற்காது. எவ்வளவு சிக்கலான மூடிய கண்ணியையும் வெட்டாமல் ஒரு வட்டமாக விரித்துவிடலாம். இரண்டு பரிமாணத்திலோ நூல் தன்மேல் ஏறவே இடமில்லை, முடிச்சு போடவே வழியில்லை. மல்லிகையைத் தொடுக்க முடிகிற பரிமாணம் மூன்று மட்டும்தான்.

இதை விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ, சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உட்கருவுக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. அது முறுக்கிக்கொண்டு சிக்கும். வெளி மூன்று பரிமாணம் என்பதால் சிக்கல் தானாக விடுபடாது. அதற்கென்றே டோபோஐசோமரேஸ் என்ற நொதிகள் இழையை அறுத்து, இன்னொரு இழையைக் கடத்தி, மறுபடி ஒட்டுகின்றன. நூல் நூலைக் கடக்க முடியாத வெளியில், கத்தரியும் பசையும் வைத்து அந்தக் குறையைச் சரிசெய்கின்றன. எட்டோபோசைட், இரினோடெகான் போன்ற புற்றுநோய் மருந்துகள் கெடுப்பது இந்த நொதிகளின் வேலையைத்தான். வேலூரில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் மருந்தியலில் படிக்கிற ஒரு பெயருக்குப் பின்னால் பரிமாணக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, அதே கூட்டலில் கோட்டுக்குப் பதில் வட்டத்தகட்டைப் போடுங்கள். 2 கூட்டல் 2, நான்கு. நான்கு பரிமாண வெளியில் இரண்டு தகடுகள் புள்ளிகளில் முட்டிக்கொள்ளும். ஐந்திலும் அதற்கு மேலும் கொஞ்சம் அசைத்தாலே விலகிவிடும். அதிகப் பரிமாணம் என்றால் அதிகக் கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். இடவியலில் (கிழிக்காமல் ஒட்டாமல் நீட்டி வளைத்தாலும் மாறாத வடிவப் பண்புகளைப் படிக்கும் கணிதம்) நடந்தது நேர்மாறு. துளையில்லாத மூடிய வெளி கோளம்தானா என்று கேட்கும் புவான்கரே ஊகம் 5-க்கும் மேலும் உள்ள பரிமாணங்களுக்கு 1961-ல் ஸ்மேல் கையில் முதலில் விழுந்தது. விலகிப் போக அங்கே இடம் இருக்கிறதே. நான்குக்கு ஃபிரீட்மன் 1982-ல் முடித்தார். நாம் வாழும் மூன்று கடைசி வரை மல்லுக்கு நின்றது, 2002, 2003-ல் பெரல்மான் வரும்வரை.

நான்கின் கதை இன்னும் விசித்திரம். ஒரு வெளியில் நுண்கணிதம் செய்ய வேண்டுமானால் எது வழுவழுப்பான சார்பு என்று ஓர் ஒழுங்கு வேண்டும். நமக்குத் தெரிந்த சாதாரண ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு பரிமாண வெளிகளில் அந்த ஒழுங்கு ஒரே விதம்தான். நான்கு பரிமாண வெளியில் மட்டும் அது முடிவில்லாத விதங்களில், எண்ணித் தீராத அளவில், அமைகிறது. 1980-களில் டொனால்ட்சன், ஃபிரீட்மன் இருவரின் வேலைகளும் சேர்ந்து இதை வெளிக்கொண்டுவந்தன. காலத்தையும் சேர்த்தால் நம் பிரபஞ்சமும் நான்கு. இந்த இரண்டு நான்குக்கும் உறவு உண்டா என்பதற்கு இன்றைக்கு விடை இல்லை.

இயற்பியலிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். காந்தம் சூட்டில் காந்தத்தன்மையை இழப்பதற்கான ஈசிங் மாதிரியில், ஒரு பரிமாணச் சங்கிலி எந்த வெப்பநிலையிலும் காந்தமாகாது. இரண்டு பரிமாணத்துக்கு ஆன்சாகர் 1944-ல் முழு விடை கண்டார். நான்குக்கு மேல் எளிய தோராயமே சரியாக வேலை செய்கிறது. மூன்றுக்கு இன்றுவரை முழுமையான துல்லிய விடை கிடையாது. நாம் குடியிருக்கும் வீடுதான் அளக்கக் கஷ்டமான வீடு.

பரிமாணம் என்பதே என்ன என்று கேட்டால், 'எத்தனை எண்கள் சொன்னால் ஒரு புள்ளியைக் குறிக்கலாமோ அத்தனை' என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1877-ல் கேன்டர் அதில் கல்லைப் போட்டார்: ஒரு கோட்டின் புள்ளிகளையும் ஒரு சதுரத்தின் புள்ளிகளையும் ஒன்றுக்கொன்றாக இணைத்துவிடலாம். அப்படியானால் சதுரத்துக்கு ஓர் எண்ணே போதும்! அவரே நம்ப முடியாமல் சக கணித அறிஞர் டெடகின்டுக்குக் கடிதம் எழுதினார். 1890-ல் பியானோ இன்னும் ஒரு படி போய், கையை எடுக்காமல் வரைகிற ஒரே வளைகோடு சதுரத்தின் எல்லாப் புள்ளியிலும் படும்படி செய்து காட்டினார். மார்கழி மாதத்தில் வாசலில் சிக்குக் கோலம் போடுபவர்களைப் பாருங்கள். ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வரும். புள்ளியை நெருக்கிக்கொண்டே, இழையை மெல்லிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வாசல் முழுவதும் கோடுதான். பியானோவின் வளைகோடும் அந்த மாதிரி ஓர் எல்லை. ஆனால் அந்த எல்லையில் கோடு தன்னைத் தானே தொட்டுக்கொண்டாக வேண்டும். தொடாமல், அறாமல், ஒன்றுக்கொன்றாக ஒரு கோட்டைச் சதுரமாக்கவே முடியாது என்று 1911-ல் பிரவுவர் நிறுவிய பிறகுதான் பரிமாணம் உண்மையிலேயே ஓர் எண் என்று ஆனது. ஹவுஸ்டார்ஃப் 1918-ல் பின்னப் பரிமாணத்தையும் கொண்டுவந்தார், கடற்கரைக் கோட்டுக்கும் மேக விளிம்புக்கும் அது பொருந்துகிறது.

நான்காவது திசை எங்கே இருக்கிறது, எதற்குள் இருக்கிறது என்று மாணவர்கள் விடாமல் கேட்பார்கள். அவர்களுக்கு நான் ஆம்பூர் ஷூ கம்பெனியைக் காட்டுவேன். தோலை எடை போட்டு இல்லை, சதுர அடியில் விற்கிறார்கள். ஆக அது அவர்களுக்கு இரண்டு பரிமாணச் சரக்கு. மேல்தோலை வெட்டித் தைத்து லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சின் மேல் போட்டு இழுக்கும்போது, முனைப் பக்கத்தில் இழுவை கொடுக்காமல் படியாது. விட்டால் சுருக்கம் விழும், மிஞ்சினால் கிழியும். லாஸ்டிங்கில் நிற்பவர் கைவிரலால் அறிந்த இந்த உண்மையைத்தான் காவுஸ் 1827-ல் தேற்றமாக எழுதினார்: ஒரு பரப்பின் வளைவு அதன் உள்ளே அளக்கும் தூரங்களிலேயே பதிந்திருக்கிறது. நீட்டாமல் சுருக்காமல் தட்டையைக் குவிந்ததாக மாற்ற முடியாது. பரப்பின் மேல் ஊரும் எறும்பு வெளியே வந்து பார்க்க வேண்டியதில்லை, உள்ளேயே அளந்து கண்டுபிடித்துவிடும். 1854-ல் ரீமன் இதை எல்லாப் பரிமாணத்துக்கும் விரித்தார். நம் வெளி வளைந்திருக்கிறது என்றால் அது வேறெதற்குள்ளோ வளைந்திருக்கத் தேவையில்லை.

காலத்தை நான்காவது பரிமாணம் என்று சொல்வதில் ஓர் எச்சரிக்கை. மின்கோவ்ஸ்கி 1908-ல் வெளியையும் காலத்தையும் ஒன்றாகக் கட்டினார், உண்மை. ஆனால் அந்தக் கட்டில் காலத்தின் வர்க்கம் எதிர்க்குறியோடு வருகிறது. அந்த ஒரு கழித்தல் குறிதான் காரணம் முந்தி, விளைவு பிந்தி என்ற ஒழுங்கைக் காக்கிறது. இவ்வளவு நேரம் நான் பேசிய நான்கு பரிமாணம் வெளிக்கு நான்கு, காலம் தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆவிகள் நான்காவது பரிமாணத்தில் உலவுகின்றன என்று வரும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. படிக்கும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

கூடுதல் பரிமாணம் இருக்கவே முடியாதா? இருக்கலாம், சுருண்டு கிடந்தால். கலுசா 1921-லும் கிளைன் 1926-லும் போட்ட பாதை அது, துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் இழைக் கோட்பாடு அதில்தான் வெளிக்கு ஒன்பது, பத்து பரிமாணம் வரை போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கயிறு கோடு, எறும்புக்கு அது சுற்றி வரக்கூடிய பரப்பு. இருந்தால் எப்படித் தெரியும்? மேலே போட்ட கணக்குத்தான். சுருளின் அளவைவிடச் சிறிய தூரத்தில் ஈர்ப்பு இருமடி விதியை விட்டுவிட்டு வேகமாக ஏறும். முறுக்குத் தராசு வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சுமார் 52 மைக்ரோமீட்டர் வரை, ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்கு, இருமடி விதி அசையவில்லை என்று 2020-ல் வெளியான அளவீடு சொல்கிறது.

கணிதம் படிப்பவர் என்பதால் கடைசியாக உயர்ந்த பரிமாணங்கள். மார்க்கெட்டில் ஆரஞ்சு அடுக்குபவர் நடுப்பழத்தைச் சுற்றி ஆறு, மேலே மூன்று, கீழே மூன்று என்று பன்னிரண்டு பழம் தொடும்படி வைக்கிறார். இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611-ல் ஊகித்ததை 1998-ல்தான் ஹேல்ஸ் நிறுவினார். 8 பரிமாணத்தில் ஒரு கோளத்தை 240 கோளங்கள் தொடலாம், 24-ல் 1,96,560. 2016-ல் 8 பரிமாணத்துக்கான மிக நெருக்கமான அடுக்கை வியாசோவ்ஸ்கா நிறுவினார், உடனே சிலரோடு சேர்ந்து 24-ஐயும். அவர் கையாண்ட சார்புகள் எவற்றிலிருந்து பிறந்தவை தெரியுமா? நம் ராமானுஜன் 1916-ல் எழுதிய கட்டுரையில் மூன்று எழுத்துகளால் குறித்து ஆராய்ந்த அதே தொடர்கள். அந்த 24 பரிமாண அடுக்கைக் கட்டித்தரும் கோலே குறிமுறைதான் வாயேஜர் அனுப்பிய வியாழன், சனி வண்ணப் படங்களில் பிழை திருத்தியது. காவலூரில் அந்தப் பெண் பார்த்த அதே வளையம்.

உயர் பரிமாணத்தில் உள்ளுணர்வு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒன்று மட்டும். ஆரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு தடிமனுள்ள தோல் கொண்ட ஒரு பழம். மூன்று பரிமாணத்தில் தோல் மொத்தப் பழத்தில் 14 சதவீதம். 100 பரிமாணத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் தோல்தான், சுளையே கிடையாது. நீங்கள் நாளைக்குத் தரவு அறிவியல் பக்கம் போனால், ஒவ்வொரு தகவலும் நூற்றுக்கணக்கான பரிமாணத்தில் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளியும் தோலில் குந்திக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்று ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும். 'பக்கத்தில் இருப்பது' என்ற சொல்லுக்கே அங்கே அர்த்தம் தேய்ந்துவிடுகிறது.

இதையெல்லாம் வைத்து 'ஆகவே வெளி மூன்று பரிமாணமாகத்தான் இருந்தாக வேண்டும்' என்று முடித்துவிடாதீர்கள். நாம் பார்த்தது, மூன்று இல்லாவிட்டால் கோள்களும் அணுக்களும் நமக்குத் தெரிந்த விதத்தில் இருக்காது என்பது. கேட்க நாம் இருந்திருக்க மாட்டோம் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஏன் மூன்று என்று எந்த அடிப்படை விதியிலிருந்தும் யாரும் இதுவரை வருவித்துக் காட்டவில்லை.

இப்போது ஒரு தாளை எடுங்கள். நான்கு பரிமாணத்துக்கு ஈர்ப்பு நிலையாற்றலையும் கோண உந்தத்தால் வரும் உறுப்பையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். இரண்டும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்த்தகவில் வரும், வெறும் கெழுக்கள்தான் கழியும். கழித்து வருவது நேர்க்குறி என்றால் கோள் பறந்துவிடும், எதிர்க்குறி என்றால் உள்ளே இழுபடும், சரியாகச் சுழி என்றால் மட்டும் வட்டம், அதுவும் ஒரு தூசி இடிக்கும் வரைதான். அதை முடித்துவிட்டு இரண்டு பரிமாணத்துக்குப் போடுங்கள். அங்கே நிலையாற்றலில் மடக்கை வரும், தப்பு செய்துவிட்டோம் என்று அடித்துவிட வேண்டாம், அதுதான் சரி.